தார்ப்பாய்க்கு அடியில் ஐந்து மீன்கள்

தார்ப்பாயை விலக்கியபோது மணி எட்டு இருபது. குளத்தில் இருந்த ஐந்து மீன்களில் மூன்று வயிறு தெரிய மிதந்தன. நான்காவது பக்கவாட்டில் சாய்ந்து ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஐந்தாவதில் மட்டும் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தது.

ரெத்னோ வந்து ஸ்கூட்டரை நிறுத்தியபோது 8:40. அதற்குள் நான்காவதும் அடங்கிவிட்டது. பாக் தர்முஜி சட்டையும் கைலியுமாக இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை மீன். நெற்றியில் மட்டும் சிவப்புப் பொட்டு.

"இபு, மத்தது போகட்டும். இது ஒண்ணைக் காப்பாத்திக் குடுங்க." ஜாவாவில் மரியாதைக்குப் பெண்ணை 'இபு' என்பார்கள், ஆணை 'பாக்'.

ரெத்னோ செவுளைத் தூக்கிப் பார்த்தாள். புண் இல்லை, பூஞ்சை இல்லை, நிறமும் நன்றாகவே இருந்தது. ஆனால் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாளியில் புதுக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து அதில் விட்டாள். கையாலேயே தண்ணீரை அளைந்து அளைந்து காற்றுக் கொடுத்தாள். எட்டு நாற்பத்தேழுக்கு இழுப்பு நின்றது.

"போயிடுச்சு, பாக்."

முப்பத்தொரு வருடப் போலீஸ் வேலையில் இந்தச் சேதியை அவள் எத்தனையோ வாசல்களில் சொல்லியிருக்கிறாள். ஒரு மீனுக்காகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

இவை வினார்த்தியின் மீன்கள். தர்முஜியின் ஒரே மகள் வினார்த்தி, பிளித்தார் ஊருக்கு வெளியே கோய் என்னும் அழகுமீன் பண்ணை ஒன்றில் குஞ்சு பிரிக்கும் வேலை பார்த்தாள். ஆயிரக்கணக்கான குஞ்சுகளில் தேறியதை ஒரு பக்கம், தேறாததை ஒரு பக்கம் என்று பிரிக்க வேண்டும். தேறாத பக்கம் போகவிருந்த ஐந்தை முதலாளியிடம் கெஞ்சி வாங்கி, பண்ணை மூலையிலேயே ஒரு தொட்டியில் வளர்த்தாள். போன மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "அதான் இறங்கிடுச்சே, இனி ஆஸ்பத்திரி எதுக்கு?" என்றார் தர்முஜி. ஐந்தாம் நாள் மகள் இல்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் பொல்லாத நேரம் என்று டாக்டர் பிறகு விளக்கினார். பிறகு தெரிந்து யாருக்கு என்ன பயன்?

மூன்று மாதம் முன்பு தர்முஜி ரெத்னோவின் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்றபின் அவள் சந்தையோரம் பம்பும் வடிகட்டியும் மீன் தீனியும் விற்கிறாள். "என் பொண்ணோட மீனை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்" என்றார். ரெத்னோ காகிதத்தில் வரைந்து கொடுத்தாள். இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை அகலம். குழியைக் கிழவர் தானே வெட்டினார். புதுச் சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டு இரண்டு வாரம் ஊறவைத்து, வடித்து, மறுபடி நிரப்பினார். நீல டிரம்மில் வலையும் கல்லும் அடுக்கி வடிகட்டி. அதற்குத் தண்ணீர் ஏற்ற ஒரு பம்ப். குளத்துக்குள் காற்றுக் குமிழி விட இன்னொரு சின்னப் பம்ப். சத்தம் வீட்டுக்குள் கேட்கக் கூடாதென்று அந்தக் காற்றுப் பம்பைத் தெரு வேலியோரம், கொய்யா மரத்தடியில் வைக்கச் சொன்னதும் ரெத்னோதான்.

பிறகு மூன்று வாரம் மீன் விடாமல் வெறும் தண்ணீரை ஓடவிட்டார்கள். கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வளர்ந்து தண்ணீர் பழுக்க வேண்டும். தர்முஜி தினமும் நாற்காலி போட்டு அந்த வெறுந்தண்ணீரின் எதிரில் உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர்கள், "என்ன பாக், தண்ணியையா வளர்க்கிறீங்க?" என்று சிரித்தார்கள். மீன்கள் வந்த அன்று ரெத்னோ அவரிடம் ஒன்றை விரல் நீட்டிச் சொன்னாள்: "பம்ப் சத்தம் நிக்கவே கூடாது. சாப்பிட்டுட்டு இருந்தாலும் தட்டை வெச்சுட்டு ஓடணும். தொழுதுட்டு இருந்தா மட்டும் முடிச்சுட்டு வாங்க."

அது பதினோரு நாள் முன்பு. வரும் வியாழக்கிழமை வினார்த்தியின் முதலாண்டு நினைவு நாள்.

தர்முஜி குளத்தை விட்டு ஏறிவந்தார். கைலியிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"யார் பண்ணினதுன்னு எனக்குத் தெரியும்."

வேலையில் இருந்த நாளிலிருந்தே ரெத்னோவுக்குப் பிடிக்காத வாக்கியம் அது.

"யாரு?"

"உள்ளே பெட்டி கட்டிட்டு இருக்கான் பாருங்க, அவன்."

உள்ளே இருந்தது லுகித்தோ. வினார்த்தியின் கணவன். தாய் தகப்பன் இல்லாதவன். ஆறு வருடமாக இந்த வீட்டிலேயே இருப்பவன். மனைவி போனபிறகும் போகாமல், மாமனாருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னைக்குத் தெருவுல கொசுப்புகை அடிச்சாங்களே பாக். அதுவா இருக்காதா?"

"ஆறு அம்பதுக்கே தார்ப்பாய் போட்டாச்சு. சுத்தி செங்கல் வெச்சிருந்துச்சு, நானே பாத்தேன். புகைக்காரங்களை உள்ளே விடலை. கேட்டைப் பூட்டிட்டுத்தான் போனேன். சாவி என் மடியில. பக்கத்து வீட்டு சம்ஸியா அவ தொட்டி மேல ஒரு கிழிஞ்ச பாயைப் போட்டுட்டுப் போனா. அவ மீன் துள்ளுது, போய்ப் பாருங்க! கிழிஞ்ச பாய்க்கு அடியில இருந்தது பொழைச்சிருக்கு. என்னோடது சாகுதுன்னா என்ன அர்த்தம்?"

"லுகித்தோ எதுக்குக் கொல்லணும்?"

"மாலாங் ஊர்ல பொண்ணு பாத்துட்டான். அடுத்த மாசம் கல்யாணம். போன வாரம் சோத்துல கை வெச்சுக்கிட்டே சொல்றான், 'அப்பா, இந்த மீனு வினார்த்தி இல்லை'ன்னு. அவனுக்கு இதுங்க கண்ணை உறுத்துச்சு இபு. கையைப் பாருங்க, விரலெல்லாம் ஊதா. என்னமோ கரைச்சு ஊத்தியிருக்கான்." தர்முஜியின் குரல் உடைந்தது. "போகச் சொல்லிட்டேன். பதினொன்னரை ரயிலு. அதுக்குள்ள அவன் வாயாலயே சொல்லணும். நீங்க சொல்ல வைங்க. அதுக்கப்புறம் இந்த வாசல்ல அவன் நிழல்கூட விழக் கூடாது."

ரெத்னோ கிழவரைப் பார்த்தாள். மகள் போய்விட்டாள், மீன்கள் போய்விட்டன. இவனும் இந்தப் பழியோடு போனால் இந்த மனிதருக்கு ஒரு வாய்ச் சோறு போட ஆள் கிடையாது. அது அவருக்கே தெரியவில்லை.

மணி 9:00. அவள் குளத்தைச் சுற்றி வந்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. வடிகட்டியின் வெள்ளைப் பஞ்சில் கறை எதுவும் இல்லை. ஊதா மருந்து கரைத்திருந்தால் அந்தப் பஞ்சு பழுப்பேறியிருக்கும்.

கொய்யா மரத்தடியில் காற்றுப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மழைக்காக மேலே கவிழ்த்திருந்த மண் ஓட்டைத் தூக்கினாள். பம்ப் காற்றை உறிஞ்சுகிற வாயில் ஒரு துண்டுப் பஞ்சு இருக்கும். போன ஞாயிறுதான் புதிதாக வெள்ளைப் பஞ்சு வைத்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது அது சாம்பல் நிறம். பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனாள். டீசல் வாடை.

கொசுப்புகையில் மருந்தை டீசலில்தான் கலப்பார்கள். ரெத்னோ கொஞ்ச நேரம் அந்தப் பஞ்சைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.

9:10. லுகித்தோவின் அறை. கட்டில் மேல் பை. தரையில் ஒரு துப்பட்டியை மடித்துப் போட்டு, இஸ்திரிப் பெட்டியும் நாலு சட்டையும் வைத்திருந்தான். மேஜையில் வினார்த்தியின் படம். பக்கத்தில் மின்சாரக் கடிகாரம் சிவப்பு எழுத்தில் 02:02 காட்டியது. ரெத்னோ தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். இந்த வீட்டில் கடிகாரம்கூட ஒழுங்காக ஓடுவதில்லை.

"கை எப்படி ஊதா ஆச்சு?"

"பெர்மாங்கனேட், இபு. நேத்து அல்லிக்கொடி வாங்கிட்டு வந்தேன். குளத்துல வைக்கிறதுக்கு முன்னாடி கிருமி சாக அதுல முக்கி எடுக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?"

சொல்லியிருந்தாள்.

"அல்லி எங்கே?"

"பின்னாடி வாளியில இருக்கு. வியாழக்கிழமை வெக்கலாம்னு."

"தார்ப்பாய் போட்டது?"

"நான்."

"பம்ப்?"

லுகித்தோ மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தான்.

"மறந்துட்டேன்."

"என்ன மறந்தே?"

"நிறுத்த மறந்துட்டேன். ரெண்டு பம்பும் ஓடிட்டே இருந்துச்சு. தப்பு என்னோடதுதான். அப்பாகிட்ட அப்படியே சொல்லிடுங்க."

பம்புக்கும் மீன் செத்ததற்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவே இல்லை. டீசல் வாடையைப் பற்றி ரெத்னோ யாரிடமும் இன்னும் மூச்சுவிடவில்லை. அவளுக்கு முன்பே கணக்குப் போட்டு முடித்துவிட்டவனைப் போல அவன் பேசினான். குற்றவாளியும் அப்படிப் பேசலாம். வேறு காரணத்துக்காகவும் ஒருவன் அப்படிப் பேசலாம்.

9:20. வேலிக்கு அந்தப் பக்கம் சம்ஸியா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"வாங்க போலீசம்மா. என்னைத்தான சந்தேகம்?"

"குளத்தை மண்ணு போட்டு மூடணும்னு சொன்னீங்களாமே?"

"சொன்னேன். மூணு தடவை சொன்னேன். என் புள்ளை டெங்குவுல ஆஸ்பத்திரியில கெடக்கான். கொசுவுக்கு யாரைத் திட்டுறது? பக்கத்துல குளம் இருந்துச்சு, திட்டினேன். மீன் இருக்கிற தண்ணியில கொசு முட்டை தங்காது அக்கான்னு லுகித்தோதான் பொறுமையா எடுத்துச் சொன்னான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசியிருந்தா என் நாக்கு அழுகட்டும்."

"காலையில நடந்ததைச் சொல்லுங்க."

"தெருத் தலைவர் மைக்குல கத்துறாரு. கேஸை மூடு, மெயினை இறக்கு, சோத்தை மூடு, மீனை மூடு, எல்லாரும் பூப்பந்து மைதானத்துக்கு வா. என் ஃபிரிட்ஜுல இருந்த ஐஸெல்லாம் தண்ணியாப் போச்சு, அவர் வந்து துடைப்பாரா? ஏழு மணிக்கு நான் மைதானத்துல. ஏழே காலுக்கு நம்ம சந்துல புகை. ஏழு நாப்பதுக்கு முடிஞ்சுது. எட்டே காலுக்குத்தான் வீட்டுக்கு விட்டாங்க."

"லுகித்தோ?"

"எனக்கு முன்னாடியே வந்துட்டான். எட்டே கால் வரைக்கும் என் பக்கத்துலதான். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு பிளேட்லெட் எவ்வளவுன்னு கேட்டுச் சொன்னதே அவன்தான். எனக்கு நம்பர்கூட அழுத்த வரலை."

"பாக் தர்முஜி?"

"பாதி வழியில தொப்பி ஞாபகம் வந்துச்சாம். திரும்பிப் போய் எடுத்துட்டு, கடைசி ஆளா வந்தாரு. தொப்பி இல்லாட்டி கொசு வழுக்கையில கடிச்சிடும் பாருங்க." சொல்லிவிட்டு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மனுசனுக்கு இன்னும் எத்தனை அடி இபு?"

9:35. முன் வராந்தாவில் மூவரும். தர்முஜி நாற்காலியில். லுகித்தோ தூணில் சாய்ந்து. ரெத்னோ சாம்பல் நிறப் பஞ்சை மேஜையில் வைத்தாள்.

"மோந்து பாருங்க பாக்."

அவர் முகர்ந்து முகம் சுளித்தார்.

"தார்ப்பாய் குளத்தைத்தான் மூடுச்சு. காத்துப் பம்ப் வெளியே, வேலியோரம் இருந்துச்சு. புகைக்காரன் வேலி மேல அடிச்ச புகையை அது உறிஞ்சி, குழாய் வழியாக் குளத்துக்குள்ள குமிழி குமிழியா விட்டிருக்கு. மேலே தார்ப்பாய் இருக்கவே புகை வெளியேயும் போகலை. சம்ஸியா தொட்டிக்குப் பம்ப் கிடையாது. அதான் அவங்க மீன் பொழைச்சுது. யாரும் எதையும் கரைக்கலை."

தர்முஜி மெதுவாக லுகித்தோ பக்கம் திரும்பினார்.

"அப்போ பம்பை ஓட விட்டதுதான் விஷம்."

"நான் மறந்துட்டேன்ப்பா."

"மறந்தானாம்! தார்ப்பாயை மறக்கலை, செங்கலை மறக்கலை, பம்பை மட்டும் மறந்துட்டான். நான் கேட்டைப் பூட்டுறப்போ இந்தக் காதால கேட்டேன் இபு, நல்லா ஓடிட்டு இருந்துச்சு. ஓடுதே, சரி, மீனுக்கு மூச்சு முட்டாதுன்னு நிம்மதியாப் போனேன். ஆறு வருஷம் என் வீட்டுச் சோத்தைத் தின்னவன்..."

தலைக்கு மேல் சுழன்ற விசிறி தளர்ந்தது. கொய்யா மரத்தடியில் பம்ப் சத்தம் நின்றது. உள்ளே சூடேறிக்கொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியும் ரைஸ் குக்கரும் சேர்ந்து இழுத்த இழுப்பில் மெயின் சுவிட்ச் தானே விழுந்துவிட்டது. தர்முஜி எழுந்தார். மூன்று எட்டில் சுவரில் இருந்த மீட்டரை அடைந்து, மெயின் சுவிட்சை மேலே தட்டினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"...என் பொண்ணு மீனை இப்படிப் பண்ணுவான்னு நான் கனவுலயும் நெனைக்கலை" என்று முடித்தார்.

விசிறி மறுபடி சுழன்றது. லுகித்தோ தலையைக் குனிந்துகொண்டான். ரெத்னோ அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அடிக்கடி இறங்குமா?" என்று கேட்டாள்.

"எப்பவாவது, இபு" என்று லுகித்தோ அவசரமாகச் சொன்னான்.

"எப்பவாவதா? ஒரு நாளைக்கு மூணு தடவை!" என்றார் தர்முஜி. "தொள்ளாயிரம் வாட் கனெக்‌ஷனை வெச்சுக்கிட்டு எதை ஓட்டுறது?"

ரெத்னோ உள்ளே போனாள். இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு மேஜையைப் பார்த்தாள். கடிகாரம் 00:01 காட்டியது.

மின்சாரம் போய் வந்தால் இந்தக் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. அப்படியானால் ஒன்பது பத்துக்கு அது காட்டிய 02:02 தப்பான நேரம் இல்லை. மின்சாரம் வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு அது. ஒன்பது பத்திலிருந்து இரண்டு மணி இரண்டு நிமிடத்தைக் கழித்தாள். ஏழு மணி எட்டு நிமிடம்.

பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. லுகித்தோ நின்றிருந்தான்.

"நீ மறக்கலை" என்றாள் ரெத்னோ. "மெயினையே இறக்கிட்டுத்தான் போயிருக்கே. ஏழு எட்டுக்கு யாரோ ஏத்தியிருக்காங்க. அப்போ நீ மைதானத்துல. தொப்பி எடுக்க வந்தவரு ஒருத்தர்தான் இங்கே."

"இபு, கும்பிட்டுக் கேக்கிறேன். சொல்லாதீங்க."

"லுகித்தோ..."

"அவருக்கே தெரியாது இபு. சத்தம் நின்னா கை தானாப் போகும். நீங்களே பாத்தீங்கல்ல? அவர் முன்னாடி கிளம்பின பிறகு நான் மெயினை இறக்கிட்டு, கேட்டைச் சும்மா சாத்திட்டு வந்துட்டேன், அவர்கிட்டச் சொல்லலை. அதனால தப்பு என்னோடதுதான்." அவன் குரலைத் தாழ்த்தினான். "காய்ச்சல் இறங்கிடுச்சுன்னு சொன்னதையே அவரால இன்னும் முழுங்க முடியலை. தூக்கத்துல எழுந்து உக்காந்து அதையேதான் சொல்லிட்டு இருக்காரு. இதையும் அவர் தலையில வெச்சா தாங்க மாட்டாரு."

"உன் தலையில வெச்சா?"

"நான் தாங்கிப்பேன். எனக்கு வயசிருக்கு."

ரெத்னோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். உண்மையைக் கண்டுபிடிப்பது அவளுக்கு எப்போதும் பெரிய காரியமாக இருந்ததில்லை. கண்டுபிடித்ததும் யாரையாவது ஜீப்பில் ஏற்றலாம், வேலை முடிந்தது. இங்கே ஏற்ற ஆள் இல்லை. வாயை மூடிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று உண்மையாகவே யோசித்தாள்.

"நீ நல்லதுதான் நெனைக்கிறே" என்றாள் கடைசியில். "ஆனா அவருக்குன்னு மிச்சம் இருக்கிறது நீ ஒருத்தன். பொண்ணு மீனைக் கொன்னவன்னு உன்னை வெறுத்துக்கிட்டே அவர் இந்த வீட்டுல தனியா எத்தனை நாள் இருப்பாரு? நீ அவரைக் காப்பாத்தலை. அநாதையாக்குறே."

அவள் எழுந்து வெளியே போனாள்.

9:50. அவள் நாற்காலியை இழுத்துத் தர்முஜியின் எதிரே, முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருக்கமாகப் போட்டாள்.

"பாக், காலையில தொப்பி எடுக்க வந்தீங்கல்ல?"

"வந்தேன். அதுக்கென்ன?"

"அப்போ பம்ப் ஓடலை. லுகித்தோ மெயினை இறக்கிட்டுப் போயிருந்தான்."

"ஓடுச்சு! நான் கேட்டேன்."

"பூட்டுறப்போ கேட்டீங்க. அது நிஜம். ஆனா அதுக்கு முன்னாடி, தொப்பிக்கு வந்தப்போ ஓடலை. நடுவுல ஒருத்தர் ஏத்தியிருக்கார். உள்ளே இருக்கிற கடிகாரம் சொல்லுது, ஏழு மணி எட்டு நிமிஷத்துக்கு."

"யாரு? கேட்டுச் சாவி என்கிட்டதான..."

அவர் நிறுத்தினார்.

"கொஞ்சம் முன்னாடி விசிறி நின்னுச்சே. எழுந்து போய் சுவிட்சைத் தட்டிட்டு வந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

தர்முஜி வாயைத் திறந்தார். மேலே சுழலும் விசிறியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். ஞாபகம் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"நீங்க வேணும்னு பண்ணலை" என்றாள் ரெத்னோ. "பம்ப் நின்னா ஓடிப்போய்ப் போடுங்கன்னு உங்க கைக்குப் பழக்கினது நான். அந்தப் பம்பை வேலியோரம் வெச்சதும் நான். புகை அடிக்கிற அன்னைக்கு மட்டும் நிறுத்தி வைக்கணும்னு சொல்லாம விட்டதும் நான். கேஸ் எழுதணும்னா முதல் பேரு என்னோடதுதான் பாக்."

அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"ரெண்டு தடவையும் நான்தான்" என்றார். "காய்ச்சல் இறங்கிடுச்சு, ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொன்னவனும் நான். மீனுக்கு மூச்சு முட்டும்னு சுவிட்சை ஏத்தினவனும் நான். அவளுக்கு நல்லது பண்றேன் நல்லது பண்றேன்னே... ரெண்டு தடவையும், இபு."

ரெத்னோ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அது ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

லுகித்தோ தோளில் பையோடு வாசற்படியில் வந்து நின்றான். தர்முஜி நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"வந்ததும் பாத்தேன்ப்பா. சுவிட்ச் மேலே இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டா சொல்லலை? உன்னைக் கொலைகாரன்னேன். அக்கம்பக்கம் கேக்கக் கத்தினேன். நீ கல்லு மாதிரி நின்னுட்டு இருந்தியே!"

"என்னைத் திட்டினா உங்களுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகும்னு பட்டுச்சு. நான் எப்படியும் போறவன்தான."

வேலிக்கு அப்பால் சம்ஸியா விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி பெருக்காமல் நின்றிருந்தாள்.

"பையை இறக்கு" என்றார் தர்முஜி.

லுகித்தோ இறக்கி வைத்தான்.

"கல்யாணம் என்னைக்கு?"

"அடுத்த மாசம் பதினெட்டு."

"மாப்பிள்ளை வீட்டுப் பெத்தவங்க இடத்துல யாரு உக்காருவா? உனக்குத்தான் யாரும் இல்லையே."

"அந்தப் பொண்ணோட தூரத்து மாமா ஒருத்தர் உக்காருறேன்னு சொல்லியிருக்காரு."

"அவரை வர வேண்டாம்னு சொல்லு." கிழவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். "என் பொண்ணு இருந்த இடத்துல இன்னொருத்தி உக்காருறதை என்னால பாக்க முடியாதுடா. ஆனா நீ ஆள் இல்லாம உக்காந்திருக்கிறதையும் என்னால பாக்க முடியாது. நான் வரேன். அழுவேன். பொறுத்துக்கச் சொல்லு அந்தப் பொண்ணுகிட்ட."

லுகித்தோ படியிறங்கி வந்தான். அவர் எதிரே தரையில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் கூப்பி, நெற்றியை அவர் முழங்காலில் வைத்தான். ஜாவாவில் கல்யாணத்தன்று பெற்றவர்கள் முன்னால் செய்கிற வணக்கம் அது. ஈரக் கைலியிலிருந்து குளத்துத் தண்ணீர் அவன் முகத்தில் வழிந்தது. தர்முஜி குனிந்து அவன் தலையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். மகளை மண்ணில் வைத்த அன்றுகூட அழாத மனிதர், மகள் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார்.